கவிஷாவின் முதுகில் இருந்த விரல்கள்

சுகுமாறனுக்குக் கடையில் விற்கிற ஆஃப்டர்ஷேவ் எதுவும் ஒத்துக்கொண்டதில்லை. சவரம் செய்துவிட்டுத் தடவினால் கன்னம் எரியும். மத்தியானத்துக்குள் தாடை முழுக்கச் சிவப்புப் பொரிகள் கிளம்பிவிடும். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைப் புழுக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொரிகளில் வேர்வை இறங்கினால் உயிர் போகும். தாடி வளர்த்துப் பார்த்தான். அது இன்னும் அரித்தது.

யூடியூபில் யாரோ வீட்டிலேயே ஆஃப்டர்ஷேவ் செய்வதைப் பார்த்துவிட்டு அவனும் இறங்கினான். ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான ஆல்கஹால் வாங்கினான். கிராம்பு, பட்டை, வெட்டிவேர் மூன்றையும் ஜாம் புட்டியில் போட்டு அதில் ஊறவைத்தான். வடித்தெடுத்து, பன்னீரும் கொஞ்சம் கிளிசரினும் வாசல் தொட்டியில் வளர்ந்த கற்றாழையும் சேர்த்தான். முதல் புட்டியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது மனைவி மாதவி, "பிரியாணி சட்டி மாதிரி மணக்குறீங்க" என்றாள். அளவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் ஒருநாள் சரியாக வந்துவிட்டது. கன்னம் எரியவில்லை. வாசமும் தெரிந்தும் தெரியாமலும் நின்றது. வேலையிடத்தில் கூட்டாளி வாசு அவன் கன்னத்தருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றான்.

அடுத்துக் கேட்டவர் மாதவியின் அண்ணன் பரமேஸ்வரன். கிள்ளான் டவுனில் டயர் கடை வைத்திருந்தார். மேருவில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்தால் நேராகக் கழிவறைக்குப் போய், சுகுமாறனின் புட்டியைத் திறந்து தாராளமாகத் தடவிக்கொண்டுதான் வெளியே வருவார். "கிராம்பு நல்லாதான் இருக்கு மச்சான். ஆனா எனக்கு எலுமிச்ச வாசம் வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன். கடையில ரப்பர் நாத்தத்துல உக்காந்திருக்கேன். முகத்துல ஜில்லுன்னு இருக்கணும் லா."

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் பாசாரிலிருந்து ஒரு பை எலுமிச்சையும், தோல் சுருங்கிச் சுருங்கி இருக்கும் லிமாவ் பூருட் என்ற எலுமிச்சை வகை கொஞ்சமும் வாங்கி வந்தான். மாதவிக்கு அன்று ஷிப்ட். விமானப் பயணிகளின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கிற வேலை அவளுக்கு; ஞாயிறு, திங்கள் என்று பேதம் கிடையாது. வீட்டில் அவனும் மகள் கவிஷாவும்தான். கவிஷாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே இருந்த புல்தரையில் பிளாஸ்டிக் குளத்தை ஊதி வைத்துத் தண்ணீர் நிரப்பினான். ஜட்டியோடு அவள் உள்ளே குதித்தாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவன் எலுமிச்சைத் தோலைச் சீவத் தொடங்கினான்.

வெயில் சுள்ளென்று அடித்தது. தோலைச் சீவச் சீவ விரல்களில் எண்ணெய் பிசுபிசுத்தது. சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. கவிஷா நடுநடுவே இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, "அப்பா, தூக்கு" என்பாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை அக்குளுக்கடியில் பிடித்துத் தூக்கி, மேலே எறிகிற மாதிரி பாவனை செய்து, திரும்பத் தண்ணீரில் இறக்கிவிடுவான். அவள் கெக்கலித்துச் சிரிப்பாள். திரும்பவும் கையைத் தூக்குவாள். உச்சிப்பொழுது தாண்டும்வரை அப்படியே போனது. அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டித் தூங்க வைத்தான். சீவிய தோல்களை ஆல்கஹாலில் போட்டு மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். நல்ல ஞாயிறு என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியின் மோட்டார் அறையில் இருந்தபோது மாதவி அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"வேலையில. என்ன?"

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாப்பாவக் கொண்டாந்திருக்கேன்." எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள். விழுந்துவிட்டாளா, காய்ச்சலா என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு நின்றுவிட்டது.

அவசரப் பிரிவில் திரை மறைத்த ஒரு கட்டிலில் கவிஷா குப்புறப் படுத்திருந்தாள். மாதவி தலைமாட்டில் நின்றாள். பக்கத்தில் கவிஷாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தாஸ்கா காப்பகத்தின் குமுதா டீச்சர், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். சுகுமாறனைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இளம் மருத்துவர் ஒருவர் போர்வையை விலக்கினார்.

கவிஷாவின் முதுகில் கை பதிந்திருந்தது. ஒரு பெரிய ஆளின் கை. இரண்டு பக்கமும் விலாவில் நான்கு நான்கு விரல்கள், சிவந்து தடித்து, தனித்தனியாக எண்ணிவிடலாம் போல. விரல் நுனிகள் முடிகிற இடத்தில் சின்னச் சின்னதாக நீர்க்கொப்புளங்கள். தோள்களில் கட்டைவிரல்கள். ஒரு புஜத்தைச் சுற்றி யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி வளையம்.

சுகுமாறன் திரும்பினான். "யாரு செஞ்சது இது?" என்று குமுதா டீச்சரைத்தான் கேட்டான். குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"மத்தியானம் சட்ட மாத்தும்போது பார்த்தேன் சார்" என்றார் அவர். "எங்க ஆளுங்க யாரும் கை வைக்கல. கேமரா இருக்கு, நீங்க பார்க்கலாம். காலையில வரும்போதே அழுதுச்சு, முதுக தொட விடல. இத பார்த்தா நாங்க ரிப்போர்ட் பண்ணணும் சார். சட்டம். என்னைய தப்பா நினைக்காதீங்க."

"காலையில யார் உடுத்திவிட்டது?" என்று மருத்துவர் கேட்டார்.

மாதவி சுகுமாறன் பக்கம் திரும்பினாள். விடியற்காலையிலேயே அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

"நான்தான்" என்றான் சுகுமாறன். "லேசா செவந்திருந்துச்சு. வேர்க்குருன்னு நினைச்சேன். இப்படி இல்ல டாக்டர், சத்தியமா இப்படி இல்ல."

மருத்துவர் எழுதிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் சமூகநல அதிகாரி வந்தார். நடுவயதுத் தமிழ்ப் பெண். பையில் ஒரு துணிப் பொம்மை வைத்திருந்தார். கவிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொல்லி, அவள் சிரிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாக, "இங்க வலிக்குதாடா கண்ணு? இங்க யாரு கை வச்சா?" என்று கேட்டார்.

"அப்பா" என்றாள் கவிஷா.

அதிகாரி பொம்மையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அப்பா என்ன செஞ்சாங்க?"

"அப்பா இப்பிடி புடிச்சாங்க" என்று அவள் தன் இரண்டு கைகளையும் அக்குளுக்கடியில் வைத்துக் காட்டினாள். "நான் கத்துனேன்."

சிரித்துக் கத்தினாய், இன்னும் வேண்டும் என்று கத்தினாய் என்று சொல்ல சுகுமாறன் ஓரடி முன்னால் வந்தான். அப்போது மாதவி நகர்ந்தாள். அதிகமில்லை. கட்டிலின் தலைமாட்டிலிருந்து விளிம்புக்கு வந்து, மகளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைத்தான் பார்த்தாள்.

அவன் அந்த அடியைப் பின்னால் எடுத்துவைத்தான்.

அன்று சாயங்காலம் போலீசில் வாக்குமூலம் கொடுத்தான். அதட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அவர்கள் மரியாதையாகப் பேசியதுதான் பயமாக இருந்தது. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றான். வீட்டில் ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றான். எதற்கு என்றதும், ஆஃப்டர்ஷேவ் செய்வதற்கு என்றான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தார். தான் சொன்ன உண்மை தன் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

பிள்ளை வார்டில் இருக்கும், விசாரணை முடியும்வரை அவன் தனியாக அருகில் போகக் கூடாது என்று சொன்னார்கள். மருத்துவமனை வாசலில் பரமேஸ்வரன் காத்திருந்தார். டயர் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டையெல்லாம் கரி.

"அண்ணே, நீங்களாவது கேளுங்க…"

"என் தங்கச்சி கட்டில விட்டு நகர மாட்டேங்குறா" என்றார் பரமேஸ்வரன். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மச்சான். கோவத்துல செஞ்சீங்களா? செஞ்சிருந்தா சொல்லிடுங்க. மனுசனுக்குக் கோவம் வரும்."

"நான் அடிக்கலண்ணே."

"பின்ன அது யார் கை?"

சுகுமாறன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். பரமேஸ்வரன், "மேரு வீட்டுக்குப் போகாதீங்க. மாதவிக்குத் துணி எடுக்க நான் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாலாக் செலாத்தானில் வாசுவின் வீட்டில் போய்த் தங்கினான். வாசு பாய் விரித்துக் கொடுத்தான். குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சுகுமாறன் தன் இடது புஜத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தான். விட்டதும் வெள்ளையாக விரல்கள் தெரிந்து, மறைந்தன. இன்னும் இறுக்கினான். திரும்பவும் மறைந்தன. எவ்வளவு அழுத்தினால் இரண்டு நாள் கழித்துக் கொப்புளிக்கும்? தனக்குத் தெரியாமல் அவ்வளவு பலமாகப் பிடித்திருப்பேனா? இரும்புக் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கைகள் இவை. ஒருவேளை எனக்கு என் பலம் தெரியவில்லையோ. நான் எப்போதாவது கோபத்தில் என்னை மறந்திருக்கிறேனா. நினைக்க நினைக்க, அந்த ஞாயிற்றுக்கிழமைகூடக் கலங்கிப்போனது. கவிஷா சிரித்தாளா, அழுதாளா என்று கூட அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் வார்டில் வேறொன்று நடந்தது. கவிஷாவின் முதுகில் தடங்கள் கூடியிருந்தன. இரவெல்லாம் மாதவி பக்கத்திலேயே இருந்தாள். யாரும் பிள்ளையைத் தொடவில்லை. ஆனாலும் தோளிலிருந்து முதுகின் நடுவரை, தண்ணீர் வழிந்த மாதிரி கோடுகோடாகப் புதிதாகச் சிவந்திருந்தது. விரல் தடங்களின் ஓரம் தவிட்டு நிறமாக மாறத் தொடங்கியிருந்தது. குழந்தைகள் மருத்துவருக்கு அது சரியாகப் படவில்லை. அடியின் தடம் நாளாக ஆக மங்க வேண்டும், இப்படிப் பரவக் கூடாது என்று சொல்லி, தோல் மருத்துவர் ஃபர்ஹானாவை வரவழைத்தார்.

டாக்டர் ஃபர்ஹானா விரல்களை விட்டுவிட்டு அந்தக் கோடுகளைத்தான் முதலில் பார்த்தார். ஜட்டி மறைத்த இடத்தையும் பார்த்தார். அங்கே தோல் சுத்தமாக இருந்தது.

"பாப்பா வெயில்ல விளையாடுச்சா மா? ரெண்டு மூணு நாளுக்குள்ள?"

"தெரியல டாக்டர். ஞாயித்துக்கிழம நான் வேலைக்குப் போயிட்டேன்."

"மேல ஏதாச்சும் பட்டுச்சா? ஜூஸ், பழம், எலுமிச்சை மாதிரி?"

எலுமிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் மாதவி எழுந்து நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதலில் வந்தது அந்த வாசம்தான். ஃபோனை எடுத்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் அவனை அழைப்பது அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழம பாப்பா தண்ணில இருக்கும்போது நீங்க என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

"பக்கத்துல உக்காந்து தோல் சீவிட்டு இருந்தேன். அண்ணன் கேட்டாருல்ல."

"கைய கழுவிட்டா தூக்குனீங்க?"

"இல்ல" என்றான். "எதுக்குக் கழுவணும்? எலுமிச்சதானே?"

டாக்டர் ஃபர்ஹானா ஃபோனை வாங்கி, அவனை உடனே வரச் சொன்னார்.

அவன் வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "கையக் காட்டுங்க."

நீட்டினான். முந்தின நாள் மாதவி பார்த்த அதே கைகள். டாக்டர் அவற்றைப் புரட்டி, விரல்களைப் பிரித்து விளக்கின் கீழ் பிடித்தார். உள்ளங்கைத் தோல் தடிப்பாக இருந்ததால் அங்கே ஒன்றுமில்லை. விரல் இடுக்குகளில் தவிட்டு நிறத் திட்டுகள். வலது மணிக்கட்டின் பின்பக்கம் சாறு வழிந்த வழி அப்படியே கருத்துக் கோடாகக் கிடந்தது. ஓரத்தில் இரண்டு கொப்புளங்கள்.

"இது என்னன்னு நினைச்சீங்க?"

"வேலையில ஏதோ பட்டிருச்சுன்னு நினைச்சேன்."

"எலுமிச்சைத் தோல்ல ஒரு எண்ணெய் இருக்கு" என்றார் டாக்டர். மாதவியும் கேட்கட்டும் என்று நிதானமாகச் சொன்னார். "லிமாவ் பூருட்லயும் உண்டு. நிழல்ல பட்டா ஒண்ணும் ஆகாது. அது மேல வெயில் அடிச்சா தோல் வெந்துரும். அன்னிக்கே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிளம்பும். உங்க கையில இருந்த எண்ணெய் நீங்க பிடிச்ச இடத்துல எல்லாம் ஒட்டிக்கிச்சு. வெறும் தண்ணில அது போகாது. யாரும் பாப்பாவ அடிக்கல மா. இவரு தூக்கியிருக்காரு, அவ்வளவுதான். நான் ரிப்போர்ட் எழுதித் தர்றேன்."

மாதவி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகுமாறனுக்கு நிம்மதி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தது வேறு. கட்டிலில் கவிஷா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் இருந்தவை தன் விரல்கள்தான். அடிக்காமலே, ஆசையாகத் தூக்கித் தூக்கியே, பெற்ற பிள்ளையைச் சுட்டிருக்கிறான். பிள்ளை சொன்னது பொய்யில்லை. அவன் போய்ச் சுவரோரமாகக் குந்தினான்.

"மறஞ்சிருமா டாக்டர்?"

"மறஞ்சிரும். கொஞ்ச மாசம் கருப்பா இருக்கும். வெயில் படாம பாத்துக்குங்க." அவர் போகிற வழியில் திரும்பினார். "அந்த எலுமிச்ச தண்ணிய யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. இன்னும் ஊறிட்டு இருக்கு."

"கொட்டிருங்க. முகத்துல போட்டுக்கிட்டு யாராச்சும் வெயில்ல போனா இதேதான்."

பரமேஸ்வரன் மத்தியானம் சாப்பாட்டோடு வந்தார். மாதவி வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போனது. உள்ளே வந்து சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்தார். சுகுமாறனுக்கு எதிரே போய் நின்றார்.

"மச்சான், உங்க கார் முன் டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு" என்றார். "கடைக்குக் கொண்டாங்க. மாத்திடுவோம்."

"சரிண்ணே" என்றான் சுகுமாறன்.

விசாரணை சில வாரங்கள் இழுத்து, குற்றமில்லை என்று முடிந்தது. கவிஷா தாஸ்காவுக்குத் திரும்பினாள். குமுதா டீச்சர் ஒருநாள் கேட்டருகே அவனை நிறுத்தி, "நான் செஞ்சது தப்பா சார்?" என்று கேட்டார். "இல்ல டீச்சர். வேற பிள்ளையா இருந்தா நிஜமாவே அடி வாங்கியிருக்கலாம். நீங்க செஞ்சதுதான் சரி" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

வீட்டில்தான் பேச்சு வரவில்லை. எலுமிச்சை ஊறிய புட்டியை மாதவியே எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டாள். கிராம்புப் புட்டியை அவன் தொடவில்லை; பழையபடி கடை ஆஃப்டர்ஷேவையே தடவினான். தாடையில் திரும்பவும் பொரிகள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நான் நம்பிட்டேங்க."

அவன் மடித்த துணிகளை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல நீங்க ஒரு தடவ கை ஓங்கினதில்ல. ஆனா அந்த விரலப் பார்த்ததும் எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் வரல. உங்க கைதான் தெரிஞ்சுது."

"அது என் கைதானே" என்றான்.

"அதச் சொல்லல நான்."

"தெரியுது." அவன் கவிஷாவின் சின்னச் சட்டை ஒன்றை எடுத்து மடித்தான். "உன்னைய குத்தம் சொல்ல முடியல மாதவி. வாசு வீட்டுல இருந்தப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அடிச்சிருப்பேனோன்னு. எனக்கே என் மேல நம்பிக்க போன பிறகு, நீ என்னைய ஏன் நம்பலன்னு எப்படி கேக்குறது."

அவள் கடைசித் துணிவரை மடித்து முடித்தாள்.

தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். நடைபாதை முழுக்கக் கூடாரக் கடைகள். நெரிசலில் தோளோடு தோள் இடித்தது. கவிஷாவின் முதுகில் அப்போது மங்கலான நிழல் மட்டும்தான் மிச்சம். முறுக்குக் கடை முன்னால் அவள் கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் அப்பாவை நோக்கித் தூக்கினாள்.

சுகுமாறன் குனிந்தான். குனிந்தவன் பாதியில் நின்று, மாதவியின் முகத்தைப் பார்த்தான்.

ஒரு கணம்தான். ஆனால் மாதவிக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இந்த மனிதன் தானாக மகளைத் தூக்கியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் தன்னைப் பார்க்கிறான். தூக்கலாமா என்று கேட்கிறான். இத்தனை மாதமாகக் கேட்டிருக்கிறான், அவளுக்குத்தான் தெரியவில்லை.

"என்னைய எதுக்குப் பார்க்குறீங்க?" என்றாள்.

அவன் குனிந்தபடியே நின்றான். பின்னால் வந்தவர்கள், "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்று தள்ளினார்கள்.

"உங்க பிள்ள. தூக்குங்க" என்றாள் மாதவி. "இனிமே என்னைய பார்க்காதீங்க."

அவன் மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். கவிஷா அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு முறுக்குக் கடையைக் கைகாட்டினாள். மாதவி கூட்டத்தில் அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நடந்தாள். கண்ணைத் துடைப்பதை யாரும் பார்க்காமலிருக்க.